சி கோடு எங்கே, தம்பி?

போன ஐப்பசி அடைமழையில் ஒரு போன் வந்தது. "தம்பி, காலையிலேர்ந்து பிளேட்லெட் பேக்கிரவுண்ட் இறங்கவே மாட்டேங்குது. டெங்கு சீசன் வேற. எப்ப வர்றீங்க?" திண்டிவனத்துக்குப் பக்கத்தில், ஒரு மெடிக்கல் ஷாப்புக்குப் பின்னால் இரண்டே அறை கொண்ட லேப் அது. நடத்துபவர் ஓர் அக்கா. டிஎம்எல்டி என்ற லேப் டெக்னீஷியன் டிப்ளமோ படித்துவிட்டு முப்பது வருஷமாக அதே ஊரில் ரத்தம் எடுத்துக்கொண்டிருப்பவர். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு எந்தக் கையில் நரம்பு நன்றாகத் தட்டுப்படும் என்பது அவருக்கு மனப்பாடம். நான் லேப் மிஷின்களுக்கு சர்வீஸ் பார்ப்பவன். ஸ்பேனர், மல்டிமீட்டர், சிரிஞ்ச், ஒரு பாட்டில் ஹைப்போ, இவ்வளவுதான் என் பை.

ரத்த அணுக்களை எண்ணும் செல் கவுண்டர் காலையில் ஆன் ஆனதும் ரத்தமே இல்லாமல், ரத்தத்தை நீர்க்கும் டைல்யூவன்ட் கரைசலை மட்டும் உறிஞ்சித் தன்னையே ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளும். அதுதான் பேக்கிரவுண்ட். ஒன்றுமில்லாத தண்ணீரில் ஒன்றுமில்லை என்று அது சொன்னால்தான், அப்புறம் அது சொல்லும் எண்ணை நம்பலாம். அன்றைக்கு அது ஒன்றுமில்லாத தண்ணீரில் நாற்பதாயிரம் பிளேட்லெட் காட்டிக்கொண்டிருந்தது. பத்தாயிரத்துக்குள் இருக்க வேண்டும். பிளேட்லெட் முப்பதாயிரத்துக்கு இறங்கிய பிள்ளையின் ரத்தத்தை அதில் வைத்திருந்தால் எழுபதாயிரம் என்று ரிப்போர்ட் வந்திருக்கும், வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அணுக்கள் நுழைந்து போகும் சின்னத் துளையான அப்பர்ச்சரைக் கழுவினேன், டைல்யூவன்ட் மாற்றினேன், எதற்கும் அசையவில்லை. கடைசியில் பிளக் பாயின்ட்டில் மீட்டரை வைத்தால் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 18 வோல்ட். புது இன்வெர்ட்டர் போட்டவர் எர்த் வயரைச் சொருக மறந்திருக்கிறார். பிளேட்லெட்தான் இருப்பதிலேயே சின்ன செல், மிஷினில் அது எழுப்பும் மின் துடிப்பும் சின்னது. கரண்டின் இரைச்சலை மிஷின் பிளேட்லெட் என்று எண்ணிக்கொண்டிருந்தது.

எலெக்ட்ரீஷியன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன். அக்கா மேஜையில் டெங்கு பார்க்கும் ஏழெட்டு என்எஸ்1 கிட்டுகளை வரிசையாகப் பரப்பி, ஒன்றை மட்டும் கையில் எடுத்துச் செல்போன் டார்ச்சில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "இந்தா பாருங்க, உங்க சின்னக் கண்ணுக்குத் தெரியுதா? டி-யில கோடு இருக்கா இல்லையா?" கிட்டில் டி என்பது நோயைக் காட்டும் கோடு, சி என்பது கிட் வேலை செய்ததா என்று காட்டும் கோடு. பார்த்தேன். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. நனைந்த காகிதத்தின் நிழல்கூட அப்படித்தான் தெரியும். மூன்றாம் நாள் காய்ச்சல், நான்கு வயதுக் குழந்தை, வாசல் பெஞ்சில் அம்மா மடியில் கிடந்தது. மங்கலாக இருந்தாலும் கோடு கோடுதான், பாசிட்டிவ் என்றுதான் எழுத வேண்டும். ஆனால் அது கோடா என்று யார் சொல்வது?

அப்போதுதான் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அக்கா, நான் எம்டெக் பண்ணும்போது இந்த மாதிரி வேலைக்குத்தான் ஒரு சென்சார் பண்ணினேன். கண்ணாடி இழை, தலைமுடி மாதிரி. அதை ரத்தத்துல முக்கினா கண்ணால பாக்கவே வேணாம், எண்ணாவே சொல்லிடும்" என்றேன். போனில் பழைய படம் ஒன்று இருந்தது, காட்டினேன். வளைத்த இழை, ஒரு பக்கம் பச்சை எல்இடி, மறுபக்கம் ஒளியை மின்சாரமாக்கும் போட்டோடயோடு, நடுவில் ஒரு சொட்டுக் கரைசல். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார். அப்புறம் கேட்டார்.

"இதுல சி கோடு எங்கே, தம்பி?"

நான் சிரித்துவிட்டு, அது வேற டெக்னாலஜி அக்கா என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். எலெக்ட்ரீஷியன் வந்தார், எர்த் கொடுத்தார், பேக்கிரவுண்ட் இரண்டாயிரத்துக்கு இறங்கியது, கிளம்பிவிட்டேன். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் அந்தக் கேள்வி எனக்குள் இறங்கிவிட்டது. இன்னும் வெளியே போகவில்லை.

வளைப்பது

அந்த இழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கு இன்டர்நெட் கொண்டுவரும் அதே ஜாதிதான், இன்னும் கொஞ்சம் தடிமன். நான் எடுத்தது 200 மைக்ரான் குறுக்களவுள்ள சிலிக்கா. வெளியே இருக்கும் பிளாஸ்டிக் உறையைப் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும், உள்ளே இருக்கும் கண்ணாடியில் கீறல் விழாமல். அப்புறம் பியூட்டேன் தீயில் ஒரு நொடி காட்டி யு வடிவத்தில் வளைக்க வேண்டும். வளைவின் ஆரம் ஒரு மில்லிமீட்டர் போல இருக்கும். கொஞ்சம் குறைந்தால் ஒடியும், கொஞ்சம் கூடினால் உருகி ஊசி மூக்காகிவிடும். என் கணக்கில் பத்துக்கு நான்கு தேறும். தேறிய நான்கிலும் இரண்டு ஒரே மாதிரி இருக்காது. அந்த "இரண்டு ஒரே மாதிரி இருக்காது" என்பதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நம் கைத்திறமை இன்னும் படியவில்லை என்றுதான் நினைத்தேன்.

நேரான இழையில் ஒளி சுவரில் மோதி மோதி உள்ளேயே ஓடும். பத்தாம் வகுப்பில் படித்த முழு அக எதிரொளிப்புதான். ஆனால் ஒவ்வொரு முறை மோதும்போதும் ஒளி சுவருக்கு வெளியே ஒரு நூலளவு எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பும். இவனசென்ட் அலை என்பார்கள். எட்டிப் பார்க்கும் தூரம் நூறு, இருநூறு நானோமீட்டர். ஒரு சிவப்பணுவின் அகலம் ஏழெட்டு மைக்ரான், அதாவது அதைவிடச் சில பத்து மடங்கு. அதனால் ரத்தம் கலங்கலாக இருந்தாலும் ஒளிக்குக் கவலையில்லை, அது பார்ப்பது கண்ணாடியின் தோலில் ஒட்டியிருப்பதை மட்டும்தான். வளைத்தால் இந்த எட்டிப் பார்த்தல் பல மடங்கு கூடும். யு வளைவை இப்படிப் பயன்படுத்தி, தங்க நானோ துகள்களோடு சேர்த்து, 2009-இல் மும்பை ஐஐடியிலிருந்து சாய், குண்டு, முகர்ஜி மூவரும் எழுதிய கட்டுரையை நான் எத்தனை தடவை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது. சாய் பிறகு சென்னை ஐஐடிக்கு வந்தார். 2020-இல் அவர் குழு இதே முறையில் உமிழ்நீரில் கோவிட் வைரஸின் என்-புரதத்தைப் பிடிக்கும் பி-ஃபேப் என்ற கருவியை முன்வைத்தது. அந்தக் குழுவில் நான் இருந்ததில்லை. வேறொரு கல்லூரியில், அவர்கள் கட்டுரைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தீயில் விரலைச் சுட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இழையின் தோலில் ஆன்டிபாடியை ஒட்ட வேண்டும். அதற்கு முன்னால் அடர் கந்தக அமிலத்தில் பெராக்சைடு கலந்த கரைசலில் கழுவி, சிலேன் பூசி, குளுட்டரால்டிஹைடு போட்டு என்று ஒரு சடங்கு. சிலேனுக்கு ஈரம் ஆகாது. சென்னையில் கார்த்திகை மாதம் முழுக்க என் இழைகளில் ஒன்றும் ஒட்டவில்லை. ஏசி அறையில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைக் குவித்து, நடுவே டப்பாவை வைத்து, ஷூ கடையில் வேலை பார்ப்பவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒட்டிய ஆன்டிபாடி தனக்கான புரதத்தைப் பிடிக்கும். அந்தப் புரதத்தின் மறுபக்கத்தை, தங்கத் துகள் கட்டிய இன்னொரு ஆன்டிபாடி வந்து பிடிக்கும். தங்கம் பச்சை ஒளியை விழுங்கும். மறுமுனையில் மில்லிவோல்ட் இறங்கும். அக்காவின் கிட்டில் இருக்கும் சிவப்புக் கோடும் இதே தங்கத் துகள்தான். கிட்டில் அதை நாம் கண்ணால் பார்க்கிறோம், இழையில் ஒளி பல முறை மோதிப் பார்க்கிறது. வித்தியாசம் அவ்வளவுதான் என்று நம்பினேன்.

சீரம் வந்த நாள்

நான் பிடிக்க நினைத்தது ட்ரோபோனின். மாரடைப்பில் இதயத்தசை சேதமானால் ரத்தத்தில் கசிவது. ஊருக்கு நல்லது செய்யும் ஆவேசத்தில் அதைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் உண்மை என்னவென்றால் எங்கள் ஃப்ரீசரில் அந்த ஆன்டிபாடிதான் காலாவதியாகாமல் இருந்தது. பஃபர் என்ற சுத்தமான உப்புக் கரைசலில் ட்ரோபோனினைக் கரைத்து முக்கினேன். அளவு ஏற ஏற மில்லிவோல்ட் ஒழுங்காக இறங்கியது. கோலப் புள்ளி வைத்த மாதிரி ஒரு கிராஃப். கைடு அதைத் தன் கம்ப்யூட்டர் திரையில் வால்பேப்பராகவே வைத்துக்கொண்டார்.

அப்புறம் ஒருநாள் ரத்த வங்கியிலிருந்து நல்ல ஆரோக்கியமானவர்களின் சீரம், அதாவது ரத்தம் உறைந்த பின் தெளிந்து நிற்கும் நீர், கிடைத்தது. முதலில் வெறும் சீரத்தை, எதையும் கலக்காமல், ஜீரோ பார்ப்பதற்காக முக்கினேன். மாலை ஐந்து மணி இருக்கும், டீக்கு எழுந்து போகலாம் என்று நினைத்துக்கொண்டே திரையைப் பார்க்கிறேன், கோடு இறங்குகிறது. தங்கம் கலந்ததும் இன்னும் இறங்குகிறது. பஃபரில் நான் போட்ட அதிகபட்ச அளவு எங்கே போய் நின்றதோ, கிட்டத்தட்ட அங்கேயே வந்து நின்றது. இதயத்தில் ஒரு கோளாறும் இல்லாத ஒருவருக்கு என் சென்சார் கடுமையான மாரடைப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தது.

காரணம் புரியாத விஷயமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் ரத்த நீரில் ஆல்புமின் என்ற புரதம் மட்டும் சுமார் 40 கிராம். ட்ரோபோனின் டி என்ற வகையில் கவலைப்பட வேண்டிய எல்லை என்று பரவலாக எடுத்துக்கொள்ளப்படுவது ஒரு லிட்டருக்கு 14 நானோகிராம். அதாவது நான் தேடும் ஒன்றைச் சுற்றி, எடைக்கு எடை, சுமார் முந்நூறு கோடி மடங்கு வேண்டாத ஆல்புமின் நிற்கிறது. ஆல்புமினோடு மற்ற புரதங்களும் உண்டு. கண்ணாடியின் தோல் யாரையும் வா என்று அழைக்காவிட்டாலும் இத்தனை கூட்டத்தில் சிலர் ஒட்டிக்கொள்ளத்தான் செய்வார்கள். ஒளிக்கு ஒட்டியவர் யார் என்று தெரியாது, ஒட்டியது மட்டும்தான் தெரியும். மாட்டு ஆல்புமினைப் பூசி முன்கூட்டியே இடத்தை அடைத்துப் பார்த்தேன், கேசீன் போட்டேன், ட்வீன் சோப்பு கலந்தேன். குறைந்தது, போகவில்லை. சீரத்தை நூறு மடங்கு நீர்த்துப் பார்த்தேன். இரைச்சல் அடங்கியது, கூடவே நான் தேடியதும் நூறில் ஒன்றாகிவிட்டது.

தீசிஸில் என்ன எழுதினேன் என்று சொல்லிவிடுகிறேன். பஃபர் கிராஃப் நான்காம் அத்தியாயத்தில் முழுப் பக்கம். சீரம் பற்றி கடைசி அத்தியாயத்தில் இரண்டு வரி, "எதிர்காலப் பணி" என்ற தலைப்பின் கீழ். பொய் எதுவும் எழுதவில்லை. வைவாவில் வந்தவர் தங்கத் துகளின் அளவு 40 நானோமீட்டர்தானா என்று கேட்டார், படத்தைக் காட்டினேன், முடிந்தது. இந்த மாதிரிப் பேச்சு வந்தாலே எல்லோரும், சில சொட்டு ரத்தத்திலேயே எல்லா டெஸ்ட்டும் செய்வதாகச் சொன்ன அமெரிக்கக் கம்பெனி தெரானோஸின் கதையை எடுப்பார்கள். அது ஏமாற்றின் கதை, நீதிமன்றம் வரை போன கதை. என் கதையில் ஏமாற்று இல்லை, உண்மையான கிராஃப்தான், உண்மையான பஃபர்தான். ஆராய்ச்சி மாநாடுகளில் சுவரில் ஒட்டியிருக்கும் போஸ்டர்களில் பாதிக்கு மேல் அப்படித்தான் என்பது என் அபிப்பிராயம். "ஒரு சொட்டு ரத்தத்தில் ஐந்தே நிமிடத்தில்" என்று அதற்கு மேல் நாளிதழ் ஒரு தலைப்பு வைக்கும்.

நாடி

அக்காவின் கேள்விக்கு வருகிறேன். கிட்டில் சி கோடு என்ன செய்கிறது? டி கோட்டில் டெங்குப் புரதத்தைப் பிடிக்கும் ஆன்டிபாடி இருக்கும். சி கோட்டில் இருப்பது, தங்கம் கட்டிய ஆன்டிபாடியையே பிடித்துக்கொள்ளும் இன்னொன்று. டெங்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சி சிவக்க வேண்டும். சிவந்தால், நீர் அந்த முனை வரை ஏறியிருக்கிறது, தங்கம் உயிரோடு இருக்கிறது, இனி டி காலியாக இருந்தால் அதற்கு ஏதோ அர்த்தம் இருக்கிறது என்று பொருள். சி வராத கிட்டை அக்கா ஒரு வார்த்தை பேசாமல் குப்பைக் கூடையில் போடுவார். என் இழையில் மில்லிவோல்ட் இறங்கவில்லை என்றால்? டெங்கு இல்லையா, ஆன்டிபாடி செத்துவிட்டதா, எல்இடி மங்கிவிட்டதா? இறங்கினால்? நோயா, ஆல்புமினா, கனெக்டரில் தூசியா? அது ஓர் எண்ணைச் சொல்லும், மூன்று தசமத்தோடு. அந்த எண்ணுக்கு ஜாமீன் கொடுக்க ஆளில்லை.

ஒளியை வைத்து உடம்பை அளக்கும் கருவிகளில் நம் வீடுகளுக்குள் வந்த ஒன்று, விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர். கொரோனா சமயத்தில் அலமாரியில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்தில் இடம்பிடித்தது. அதைக் கண்டுபிடித்த தகுவோ அவோயாகி ஜப்பானில் நிஹோன் கோடென் கம்பெனியில் இன்ஜினியர். அவர் தேடியது ஆக்சிஜனையே அல்ல. நரம்பில் சாயம் ஏற்றி, அது காதுமடலைக் கடக்கும்போது ஒளியால் பார்த்து, இதயம் எவ்வளவு ரத்தம் இறைக்கிறது என்று அளக்க முயன்றார். நாடித் துடிப்பு வந்து வந்து அலையைக் கெடுத்தது. அதை ஒழிக்க, சாயம் படாத இன்னொரு நிற ஒளியைச் சேர்த்து இரண்டையும் கழித்துப் பார்த்தார். கழிந்துபோயிற்று. ஆனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால் மட்டும் கணக்கு சரியாகக் கழியவில்லை. தொல்லை என்று ஒழிக்கப் பார்த்த துடிப்பையே பிறகு அளவையாக்கிக்கொண்டார். 1974-இல் அதை வெளியிட்டார். தோல், எலும்பு, நகம் எதுவும் துடிக்காது, தமனி ரத்தம்தான் துடிக்கும். துடிக்கும் பங்கை துடிக்காத பங்கால் வகுத்து, இரண்டு நிறத்திலும் அப்படிச் செய்து, அந்த இரண்டையும் ஒப்பிட்டுவிட்டால் எல்இடி மங்கினாலும் விரல் தடித்தாலும் பெரும்பாலும் அடிபட்டுப்போகும். கருவி தன் சி கோட்டை நொடிக்கு ஒருமுறை நோயாளியின் இதயத்திலிருந்தே வாங்கிக்கொள்கிறது. அவோயாகி இறந்தது 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கருவியைக் கடை கடையாகத் தேடத் தொடங்கிய நேரத்தில்.

அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் வந்த ஒரு ஆய்வையும் சொல்லியாக வேண்டும். ஆக்சிமீட்டர் 92-லிருந்து 96 வரை காட்டிய நோயாளிகளின் தமனி ரத்தத்தை எடுத்துப் பார்த்தபோது, உண்மையில் 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையர்களில் 3.6 சதவீதம், கறுப்பினத்தவரில் 11.7 சதவீதம். எது அடிபட்டுப்போகும் என்று நினைத்தார்களோ அந்தத் தோலின் நிறம் முழுதாக அடிபடவில்லை. என் விரலை நானே பார்த்துக்கொண்டு அந்தக் கட்டுரையைப் படித்தேன்.

இதைப் படித்த பிறகு என் பழைய நோட்டை எடுத்துப் புரட்டினேன். அதில் 1980-ஆம் வருடக் கட்டுரை ஒன்றுக்கு நான் எழுதிய குறிப்பு இருந்தது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் பீட்டர்சனும் கூட்டாளிகளும் ரத்தத்தின் பிஎச் அளக்கச் செய்த இழை. நுனியில் ஃபீனால் ரெட் ஏற்றிய சிறு மணிகள். பச்சை ஒளி பிஎச்சுக்கு ஏற்ப மாறும், சிவப்பு ஒளி மாறாது. பச்சையைச் சிவப்பால் வகுத்தார்கள். சி கோடு அப்போதே இருந்திருக்கிறது! என் நோட்டில் அதற்கு நேரே "பழைய முறை, சென்சிடிவிட்டி குறைவு" என்று எழுதிக் கோடு கிழித்திருக்கிறேன்.

சரி, சி கோடு இருந்ததே, அந்த இழை ஏன் இன்று ஐசியூவில் இல்லை? அதையொட்டி எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் பெரிய கம்பெனிகள் பணத்தைக் கொட்டின. தமனிக்குள்ளேயே இழையை விட்டு ஆக்சிஜன், கார்பன்டைஆக்சைடு, பிஎச் மூன்றையும் தொடர்ந்து பார்ப்பது திட்டம். உள்ளே போனதும் நுனியில் ரத்தம் உறைந்து ஒட்டியது. இல்லையென்றால் நுனி தமனிச் சுவரில் போய்ச் சாய்ந்துகொண்டு, ரத்தத்தை விட்டுச் சுவரின் தசையை அளந்தது. சிவப்பு ஒளி என்னவோ சரியாகத்தான் இருந்தது. விளக்கு நன்றாக இருக்கிறது, சாயம் நன்றாக இருக்கிறது என்றுதான் அதற்குச் சொல்லத் தெரியும். நுனியில் இருப்பது ஓடும் ரத்தமா உறைந்த கட்டியா என்று அதைக் கேட்க முடியாது. இன்றைக்கும் ஆஸ்பத்திரியில் கண்ணாடி இழை வேலை செய்கிற இடங்கள் உண்டு. மூளைக்குள் அழுத்தம் பார்க்க, இதயத் தமனி அடைப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் பார்க்க. அழுத்தத்துக்கு ஆன்டிபாடி வேண்டாம், அதன்மேல் ஆல்புமின் ஒட்டினாலும் பெரிதாகக் குடிமுழுகிப்போகாது. மூலக்கூறை அடையாளம் கண்டுபிடிக்கிற இழையும் இருக்கிறது, மருந்துக் கம்பெனி லேபுகளில் ஆக்டெட் என்ற மிஷினில் முக்கி எடுக்கும் நுனிகளாக. அங்கே பக்கத்திலேயே ஒரு வெறும் நுனியையும் முக்கி, அதன் அலையைக் கழித்துக்கொள்கிறார்கள். நுனிகள் ஆலையில் அச்சடித்த மாதிரி வருவதால் கழித்தல் செல்லுபடியாகிறது.

நானும் அன்றைக்கு ஒரு வெறும் இழையைக் கூட வைத்துக் கழித்துப் பார்த்தவன்தான். ஆனால் தீயில் கையால் வளைத்த இரண்டு இழைகள். ஒன்று ஒளியை எட்டு பங்கு வெளியே விட்டால் மற்றொன்று பதினொன்று விடும். எட்டிலிருந்து பதினொன்றைக் கழித்தால் வருவது நோய் இல்லை, என் விரல் நடுக்கம். இத்தனை வருஷம் இந்தத் துறையில் எல்லோரும் ஓடியது சென்சிடிவிட்டியின் பின்னால், அதாவது எவ்வளவு குறைந்த அளவைப் பிடிக்க முடியும் என்பதன் பின்னால். பிக்கோ, ஃபெம்டோ, அட்டோ. ட்ரோபோனினுக்கு அது வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் தெருமுனை லேபில் தினமும் வருவது காய்ச்சல், சர்க்கரை, ரத்தசோகை, கர்ப்பம். அங்கே இன்னும் ஒரு சைபர் குறைவாகப் பார்க்கத் தெரிவதைவிட, இரண்டு இழைகளை ஒரே மாதிரி வளைக்கத் தெரிவது பெரிய கண்டுபிடிப்பு. அதற்கு யாரும் பேப்பர் போடமாட்டார்கள், போட்டாலும் பெரிய இதழ்கள் எடுக்கமாட்டா.

ஃப்ரிட்ஜில் ஒரு குப்பி

தையில் சென்ட்ரிஃபியூஜுக்குக் கார்பன் பிரஷ் மாற்ற மறுபடியும் அதே லேபுக்குப் போனேன். போகும்போது, வீட்டில் பேனா டப்பாவில் கிடந்த பழைய இழை ஒன்றை எடுத்துப் போயிருந்தேன். அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "கொசுவோட மூக்கு மாதிரி இருக்கு" என்றார். நான் ஐப்பசியிலிருந்து சுமந்துகொண்டிருந்ததைச் சொன்னேன். சி கோடு இல்லைதான், அதனால்தான் அது பேனா டப்பாவில் கிடக்கிறது என்றேன்.

அவர் அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. "சி கோடு மட்டும் என்னத்தச் சொல்லிடும் தம்பி? தண்ணிய ஊத்தினாக்கூட சி வரும்." உண்மைதான். சி கோடு நீர் ஏறியதைச் சொல்லும், டி கோட்டில் இருக்கும் ஆன்டிபாடி சித்திரை வெயிலில் பெட்டியோடு வெந்துபோனதா என்று சொல்லாது. கிட்டின் மேல் 30 டிகிரிக்குள் வைக்கவும் என்று அச்சடித்திருக்கிறது. பார்சல் ஆபீஸ் தகரக் கொட்டகைக்கு அது தெரியாது. "அப்ப நீங்க எதை நம்புவீங்க?" என்றேன்.

ஃப்ரிட்ஜைத் திறந்தார். முட்டை வைக்கும் தட்டில், மூடியில் மார்க்கரால் தேதி எழுதிய நான்கைந்து சின்னக் குப்பிகள். நல்ல சிவப்பாக டி கோடு வந்த ஆட்களின் மிச்ச சீரம், பெயரைக் கிழித்துவிட்டு வைத்திருக்கிறார். புதுப் பெட்டி கிட் வந்ததும் முதல் கிட்டை அதில் போட்டு வீணாக்குவாராம். கோடு வந்தால்தான் அந்தப் பெட்டி வியாபாரத்துக்கு. ஒரு கிட்டின் விலை அவர் கைக்காசு, பில்லில் ஏறாது. அந்த நான்கு வயதுக் குழந்தைக்கும் அன்றைக்கு, நான் கிளம்பிய பிறகு, அதே பெட்டியில் இன்னொரு கிட்டை எடுத்துப் பழைய பாசிட்டிவைப் போட்டிருக்கிறார். சிவப்பு அழுத்தமாக வந்திருக்கிறது. கிட் நன்றாக இருக்கிறது, ஆகவே மங்கல் கிட்டின் மங்கல் இல்லை என்று பாசிட்டிவ் எழுதி, எலிசா என்ற உறுதிப்படுத்தும் டெஸ்ட்டுக்குப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறார். அங்கேயும் டெங்குதான். குழந்தை இப்போது பால்வாடிக்குப் போகிறதாம்.

"அந்தக் குப்பி எத்தனை நாள் தாங்கும்?"

"கரண்டு ஒழுங்கா இருந்தா ரெண்டு மூணு வாரம். கோடு மங்க ஆரம்பிச்சா தூக்கிப் போட்டுடுவேன்."

"மங்கினது குப்பி கெட்டதாலயா, கிட் கெட்டதாலயான்னு எப்படித் தெரியும்?"

கேட்டுவிட்டு, மடக்கிவிட்டேன் என்று உள்ளூர ஒரு சந்தோஷம்கூட வந்தது. அக்கா ஃப்ரிட்ஜை மூடாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஒரு பெட்டி முடியறப்ப கடைசி கிட்டை எடுத்து வெச்சுக்குவேன். பழைய கிட்டுலயும் அந்த சீரம், புதுசுலயும் அந்த சீரம். பழசுல வந்து புதுசுல வரலன்னா கிட்டு. ரெண்டுலயும் மங்கினா சீரம். இதுக்கா எம்டெக்கு படிக்கணும்?"

துடிப்பதைத் துடிக்காததால் வகுப்பது, பச்சையைச் சிவப்பால் வகுப்பது என்று நான் நோட்டில் எழுதி வைத்திருந்ததெல்லாம் முட்டைத் தட்டில் இருந்தது. பிரஷ்ஷை மாட்டி, மூடியைத் திருகி, சென்ட்ரிஃபியூஜை ஓடவிட்டேன். அக்கா என் இழையை எடுத்து, தேதி எழுதாத ஒரு காலிக் குப்பிக்குள் பத்திரமாகப் போட்டு மூடி, "வெச்சுக்கிறேன், பசங்களுக்குக் காட்டலாம்" என்றார். வெளியே அடுத்த ஆள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே வந்தார்.